செஞ்சி போறீங்களா? கோட்டையோடு திரும்பிடாதீங்க... பக்கத்திலேயே இருக்கு கேட் இல்லாத சிற்பப் பூங்கா!

செஞ்சிக்கு வருகிற பலருடைய பிளான் ஒன்றுதான். விடிகாலையில் சென்னையிலிருந்து கிளம்பி, திண்டிவனத்தில் டிபன் முடித்து, வெயில் ஏறுவதற்குள் ராஜகிரி ஏறுவது. உச்சியில் ஒரு செல்ஃபி, இறங்கி வந்து கல்யாண மகால் பின்னணியில் இன்னொன்று. மதியம் பிரியாணி, சாயங்காலம் ரிட்டர்ன். 2025 ஜூலை 11-ம் தேதி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சிக் கோட்டையும் சேர்ந்தது. மராட்டியர் ஆட்சியோடு தொடர்புடைய 12 கோட்டைகளை ஒரே தொகுப்பாகச் சேர்த்தார்கள். அதில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்க, தமிழ்நாட்டிலிருந்து இடம்பிடித்தது செஞ்சி மட்டும்தான். அதன்பிறகு கோட்டையைப் பார்த்தே தீர வேண்டும் என்று சொல்ல இன்னொரு காரணமும் கிடைத்துவிட்டது.

கோட்டை பார்க்க வேண்டியதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அதைச் சுற்றி 30 கிலோமீட்டர் வட்டத்தில், மணிலாக் கொல்லைக்கும் நெல் வயலுக்கும் நடுவே, யாரும் டிக்கெட் கேட்காத இடங்களில் 1,400 வருஷத்துச் சிற்பங்கள் இருக்கின்றன. அதே வட்டாரத்தில், காலையில் முழு உருவம் பெற்று அன்று மாலைக்குள் மண்ணோடு மண்ணாகிவிடும் சிற்பங்களும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் செஞ்சி பக்கத்து மக்களுக்கும் சிலைகளுக்கும் இடையே என்ன உறவு என்பது பிடிபடும். இரண்டுக்கும் இப்போது சிக்கல் இருப்பதும் தெரியவரும்.

சிற்பப் பூங்கான்னா என்ன?

மியூசியத்தில் சிலைக்கு நான்கு சுவர், ஒரு லைட், ‘தொடாதீர்கள்’ பலகை. திறந்தவெளிச் சிற்பப் பூங்காவில் இவை எதுவும் கிடையாது. வானம், புல், மழை எல்லாமே சிற்பத்தோடு சேர்ந்த பொருள்கள். இங்கிலாந்தில் 1977-ல் தொடங்கிய யார்க்‌ஷயர் சிற்பப் பூங்காவில் ஹென்றி மூர் செய்த வெண்கல உருவங்களைச் சுற்றி ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1960-லேயே ஸ்டார்ம் கிங் பூங்கா வந்துவிட்டது. நமக்குப் பக்கத்தில், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் உருவாக்கிய சோழமண்டலம் கலைஞர்கள் கிராமத்திலும் மரங்களுக்கு நடுவே சிற்பங்கள் நிற்கின்றன.

இப்படிப்பட்ட பூங்காக்களில் பெரும்பாலும் சிலைதான் நிலத்தைத் தேடி வரும். பட்டறையில் உருவாகி, லாரியில் ஏறி, கிரேனில் இறங்கும். செஞ்சி பக்கம் கதை தலைகீழ். பாறை சுமார் 250 கோடி ஆண்டுகளாக இருந்த இடத்திலேயே இருக்கிறது. உளிதான் அதைத் தேடி வந்தது.

பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாலே செஞ்சிக் குன்றுகளின் வடிவம் தெரியும். யாரோ உருண்டைக் கற்களைக் கொட்டிவிட்டுப் போனதுபோல இருக்கும். ஒரு காலத்தில் பூமிக்கடியில் இருந்த கருங்கல் பாளம், மேலே இருந்த மண் அரித்துப் போகப் போக வெளியே தலைகாட்டியது. பகலில் சூடாகி இரவில் குளிர்ந்து, விரிசல்களில் தண்ணீர் இறங்கி, வெங்காயச் சருகுபோல அடுக்கடுக்காக உரிந்ததில் கூர்முனைகள் மழுங்கி உருண்டைகள் மிஞ்சின. அப்படி உரிந்த பாறை பல இடங்களில் வழுவழுப்பான நெட்டுச் சுவர்போல நிற்கும். சிற்பிக்கு வேண்டியது அந்தச் சுவர்தான்.

24 பேர் உட்கார்ந்திருக்கும் பாறை

முதலில் போக வேண்டியது திருநாதர்குன்று. செஞ்சியை ஒட்டிய சிறுகடம்பூரில் இருக்கிறது. ஏறுவதற்குப் பெரிய சிரமம் இல்லை. மேலே ஒரு பெரும்பாறையின் முகத்தில், வரிசைக்கு 12 பேராக இரண்டு வரிசையில், 24 தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருக்கிறார்கள். சமண மரபின் 24 அருகர்களும் ஒரே பாறையில். ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே இருப்பு. முதல் பார்வைக்கு ‘இதிலென்ன வித்தியாசம்’ என்றுதான் தோன்றும். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றால் அந்த ஒரே மாதிரித்தன்மையே மனசைப் பிடித்துக்கொள்ளும்.

பல பேர் படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். இந்தக் குன்றின் பெரிய செய்தி, பாறையில் உள்ள சில எழுத்துகளில் இருக்கிறது. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து இங்கே உயிர்விட்டார் என்பதைச் சொல்லும் கல்வெட்டு அது. இப்படி உயிர்துறந்த இடத்துக்கு நிசீதிகை என்று பெயர். தமிழ் பிராமி மெல்ல மெல்ல வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்து எழுத்து, கி.பி. 5-6-ம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். 57 என்பதை எழுத்தால் எழுதும்போது ‘ஐ’ போட வேண்டுமல்லவா? தமிழ்க் கல்வெட்டுகளில் ‘ஐ’ என்ற உயிரெழுத்தின் மிகப் பழைய வடிவங்களில் ஒன்றாக ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுவது இந்த எழுத்தைத்தான். ஒரு துறவியின் பட்டினி நாள்களை எண்ணப் போய் நமக்கு ஓர் எழுத்தின் வரலாறு கிடைத்திருக்கிறது. பின்னாளில், இளைய பட்டாரர் என்பவர் 30 நாள் நோன்பிருந்து இறந்ததையும் இதே குன்றில் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

சமணம் இங்கே பழங்கதை இல்லை. திண்டிவனம் பக்கமுள்ள மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடம் இன்றும் இயங்குகிறது. அங்குள்ள மலைநாதர் கோயிலில் பாறையிலேயே வெட்டிய தீர்த்தங்கரர் சிற்பங்களும் உண்டு. அங்கே விளக்கு எரிகிறது, பூசை நடக்கிறது. திருநாதர்குன்றிலோ பல நாள்களில் காற்றுதான் துணை.

கல்லுன்னா சாவு... அதை மாத்தின ராஜா

இங்கே ஒரு கேள்வி வரலாம். தமிழ்நாட்டில் கோயில்களுக்கு அவ்வளவு பழமை உண்டு என்கிறோம். ஆனால் 6-ம் நூற்றாண்டுக்கு முந்தைய கற்கோயில் ஏன் கண்ணில் படவில்லை?

பல்லவர் கட்டடக்கலையை ஆராய்ந்த கே.ஆர். சீனிவாசன் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். இந்தப் பக்கத்தில் கல் என்பது இறந்தவர்களுக்கு உரிய பொருளாக இருந்தது. பெருங்கற்காலக் கல்லறைகள் கல். ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நட்டது நடுகல். இங்கிருந்து அதிக தூரமில்லாத செங்கம் வட்டாரத்தில் அப்படிப்பட்ட நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்து, 1972-ல் தனிப் புத்தகமாகவே வெளியாயின. சந்திரநந்திக்கும் கல்தான். உயிரோடு கும்பிடுகிற சாமிக்குச் செங்கல், மரம், சுண்ணாம்பு, உலோகம் என்று வேறு பொருள்கள். அவை எல்லாம் காலப்போக்கில் அழிந்துவிட்டதால் அந்தக் கோயில்களும் மிஞ்சவில்லை.

அந்தப் பழக்கத்தை உடைத்ததாகத் தானே கல்லில் எழுதிவைத்தவர் பல்லவ மன்னர் முதலாம் மகேந்திரவர்மன். ஆட்சிக் காலம் சுமார் கி.பி. 600 முதல் 630 வரை. இடம், செஞ்சி - விழுப்புரம் சாலையிலிருந்து பிரியும் மண்டகப்பட்டு. பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் விசித்திரசித்தன் செய்வித்த கோயில் இது என்பதுதான் அங்குள்ள கிரந்தக் கல்வெட்டின் சாரம். எதைச் செய்தேன் என்பதைவிட எதெல்லாம் இல்லாமல் செய்தேன் என்று சொல்வதில்தான் அவருக்குப் பெருமை. இன்றைக்கு ‘நோ பிரிசர்வேடிவ்ஸ்’ என்று பாட்டிலில் போடுகிறார்களே, கிட்டத்தட்ட அந்தத் தொனி.

விசித்திரசித்தன் என்பது அவருடைய பட்டப்பெயர்களில் ஒன்று. மனிதருக்குப் பட்டப்பெயர்களின்மேல் தீராத ஆசை. போகிற பாறையிலெல்லாம் ஒன்றை விட்டுவிட்டு வந்திருக்கிறார். இதே பகுதியில் தளவானூர் குடைவரை சத்ருமல்லன் பெயரில் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தின் சீயமங்கலத்துக் குடைவரை அவனிபாஜனன் பெயரில். ‘மத்தவிலாசம்’ என்ற சம்ஸ்கிருத நகைச்சுவை நாடகம் எழுதியதும் இதே ஆள்தான்.

மண்டகப்பட்டில் பார்க்க வேண்டியது இரு பக்கமும் நிற்கும் வாயிற்காவலர்கள். கையில் கதை, உடம்பில் லேசான வளைவு, முகத்தில் பயமுறுத்தும் எண்ணமே இல்லை. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் துவாரபாலகர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவர்கள் நம்ம ஊர்ப் பையன்கள் மாதிரி தெரிவார்கள். உள்ளே பின்சுவரில் மூன்று அறைகள். மூன்றும் காலி. சாமி இல்லாத கோயிலுக்கு 1,400 வருஷமாகக் காவல் நடக்கிறது.

தளவானூரில் வேறு மனநிலை. அங்கே முகப்பின் நடுவே, தூண்களுக்கு மேலே மகர தோரணம் ஓடுகிறது. விசேஷ நாளில் வாசலில் கட்டுகிற தோரணத்தை அப்படியே கல்லாக்கியதுபோல. ஊர்க்காரர்களுக்கு அது பஞ்சபாண்டவர் மலை. வனவாசத்தில் பாண்டவர்கள் தங்கின இடம் என்பார்கள். தமிழ்நாட்டில் குகையோ கற்படுக்கையோ இருந்தால் அங்கே பாண்டவர்கள் ஒரு ராத்திரியாவது தங்கியிருப்பார்கள்!

பாறையை எப்படிக் குடைஞ்சாங்க?

கட்டடம் கட்டுவது கல்மேல் கல் வைப்பது. குடைவரை அதற்கு நேர்மாறு. வேண்டாததை மட்டும் எடுக்க வேண்டும். முதலில் பாறை முகத்தைச் சமன் செய்தார்கள். அதில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கோடுகளை ஒட்டிக் கால்வாய்போலப் பள்ளம் எடுத்தார்கள். நடுவில் துருத்திக்கொண்டு நிற்கும் சதுரங்களைத் தட்டி உடைத்தார்கள். பிறகு அடுத்த அடுக்கு. மாமல்லபுரத்தில் பாதியில் நிறுத்தப்பட்ட குடைவரைகளில் இந்தக் கட்டங்களை அப்படியே பார்க்கலாம். தனிக்கல்லாகப் பிளக்க, வரிசையாகத் துளை போட்டு மர ஆப்பு அடித்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். மரம் ஊற, கல் பிளக்கும்.

இதில் தவறுக்கு இடமில்லை. சுவரில் செங்கல் சரியில்லை என்றால் மாற்றிவிடலாம். தூணாக நிற்க வேண்டிய இடத்தில் ஓர் அடி அதிகம் தட்டிவிட்டால் அவ்வளவுதான், கோயிலுக்குத் தூண் கிடையாது. கருங்கல்லில் உளி சீக்கிரம் மழுங்கும் என்பதால் பக்கத்திலேயே கொல்லன் உலையும் எரிந்துகொண்டிருக்க வேண்டும். மண்டகப்பட்டு ஏன் இவ்வளவு எளிமையாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். பழகாத கல்லில் போட்ட முதல் கணக்குகளில் ஒன்று அது. அதன்பின் நூறு வருஷத்துக்குள் ராஜசிம்மன் காலத்துச் சிற்பிகள் பனமலையில் குன்றின் மேலேயே முழுக் கற்றளியைக் கட்டிவிட்டார்கள். உள்ளே ஒரு துணைச் சன்னதியில் தேவியின் பல்லவர் கால ஓவியமும் மிச்சமிருக்கிறது.

கும்பிடுற சிற்பமும், ஊரைவிட்டுப் போன தூணும்

கோட்டைக்கு வடக்கே சிங்கவரம். குன்றின் மேலே, பாறையில் குடைந்த கருவறையில் ரங்கநாதர் படுத்திருக்கிறார். பல்லவர் காலக் குடைவரைதான் இதுவும், ஆனால் மண்டகப்பட்டுபோலக் காலியாக இல்லை. எண்ணெயும் துளசியும் மணக்கும். எருமைத் தலைமேல் நிற்கும் கொற்றவையின் புடைப்புச் சிற்பமும் இங்கே உண்டு. பல்லவர் சிற்பத்தை நேசிப்பவர்கள் அதற்காகவே இந்தக் குன்று ஏறுவார்கள். ராஜா தேசிங்கு போருக்குக் கிளம்புமுன் இங்கே வந்து உத்தரவு கேட்டதாகவும், வேண்டாம் என்று ரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் கதை. தேசிங்கு கேட்கவில்லை. 1714-ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி இறந்துபோனார்.

பாறைச் சிற்பத்தில் ஒரு நன்மை உண்டு: அதைத் திருட முடியாது. தமிழ்நாட்டின் வெண்கலச் சாமிகள் பட்ட பாடு தெரியும். ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் வரை போய் 2014-ல்தான் திரும்பினார். திருநாதர்குன்றின் 24 பேரை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாது.

தனிக்கல் என்றால் நிலைமை வேறு. செஞ்சிக் கோட்டைக்குள்ளேயே வேங்கடரமணர் கோயில் இருக்கிறது. நாயக்கர் காலத்தது. வாசல் கோபுரத்துச் சுவர்களில் ராமாயணக் காட்சிகளும் பாற்கடல் கடையும் காட்சியும் அழகாக இருக்கும். ஆனால் உள்ளே போனால் ஏதோ குறைவதுபோலத் தெரியும். குறைவதைப் பார்க்க வேண்டும் என்றால் பாண்டிச்சேரி போக வேண்டும். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றனவே நெடுநெடுவென்று வேலைப்பாடுள்ள கருங்கல் தூண்கள், அவை செஞ்சியிலிருந்து போனவை. 1750-ல் பிரெஞ்சுப் படை கோட்டையைப் பிடித்தது. 1761-ல் ஆங்கிலேயர் கைக்குப் போகும்வரை வைத்திருந்தது. அந்தத் தொடர்பில் போன தூண்கள் பிற்பாடு துய்ப்ளே சிலைக்கு அலங்காரமாகி, இப்போது காந்திக்கு நிற்கின்றன. வார இறுதியில் ராக் பீச்சில் அவற்றில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளும் பலருக்கு அவை ஒரு கோயில் மண்டபத்தைத் தாங்கியவை என்று தெரியாது.

ஒரே நாள் வாழுற சிற்பம்

இதுவரை பார்த்தது கல். செஞ்சியிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் மேலச்சேரிக்குப் பழைய செஞ்சி என்று இன்னொரு பெயர். வட தமிழ்நாட்டுத் திரௌபதியம்மன் வழிபாட்டுக்கு இந்த ஊர்க் கோயிலைத்தான் மூலம் என்று பல ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இந்த வழிபாட்டைப் பற்றி எழுதிய பெரிய நூலின் முதல் தொகுதி 1988-ல் வந்தது. அதற்கு மையம் செஞ்சி வட்டாரம்தான்.

சித்திரை தொடங்கி ஆடி வரை இந்தப் பக்கத்து ஊர்களில் திரௌபதியம்மன் திருவிழா நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் விடிய விடியத் தெருக்கூத்து. கடைசி நாள் காலையில் படுகளம். அதற்காக ஊர் வெட்டவெளியில் மண்ணைக் குழைத்து, மல்லாந்து படுத்த துரியோதனனைப் பல அடி நீளத்துக்கு எழுப்புவார்கள். முறுக்கு மீசை, கிரீடம், கையில் கதாயுதம், முழித்த கண். வண்ணமும் பூசியாகிவிட்டால், தூரத்திலிருந்து பார்க்க ஒரு சின்னக் குன்று சாய்ந்து கிடப்பதுபோல இருக்கும். கூத்துக்காரர்கள் பீமனாகவும் துரியோதனனாகவும் அந்த உருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள், அதன் மேலேயே ஏறிச் சண்டை போடுவார்கள். கடைசியில் பீமன் தொடையில் அடிக்க, உள்ளே வைத்திருந்த சிவப்புத் தண்ணீர் பீறிடும். பாஞ்சாலி அதைத் தொட்டுக் கூந்தல் முடிவாள். சாயங்காலம் தீமிதி. அதோடு துரியோதனன் வெறும் மண். அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு.

மேல்மலையனூரில் இதே மண் வேறு கதை சொல்லும். செஞ்சியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் அங்காளபரமேசுவரி கோயிலின் மூலமே ஒரு புற்று. பிரசாதமும் புற்றுமண். பிரம்மாவின் தலையைக் கிள்ளிய பாவத்தால் சிவன் கையில் கபாலம் ஒட்டிக்கொள்ள, அதை அங்காளம்மன் சோறு இறைத்துக் கீழே இறங்கவைத்து, பேருருவம் எடுத்து மிதித்தாள் என்பது தலபுராணம். மாசியில் சிவராத்திரிக்கு மறுநாள் நடக்கும் மயானக்கொள்ளை அதன் நிகழ்த்துவடிவம். தானியம், கொழுக்கட்டை, காய்கறி, காசு என்று விளைந்ததையெல்லாம் சுடுகாட்டில் சூறைவிடுவார்கள். வட மாவட்டங்களின் பல ஊர்களில் அன்று சுடுகாட்டு மண்ணிலேயே பெரியாயி படுத்த கோலத்தில் உருவாவாள். கொள்ளை முடிந்ததும் கலைந்துபோவாள். மேல்மலையனூர்க் கோயில் வளாகத்திலோ பெரியாயிக்கு நிரந்தரமாகவே படுத்த கோலத்தில் பெரிய உருவம் இருக்கிறது. அண்ணாந்து பார்த்தே பழகியவர்களுக்குக் குனிந்து கும்பிட ஒரு சாமி.

கலைக்கல்லூரியில் படித்தவர்கள் இதற்கு ‘இன்ஸ்டலேஷன்’ என்று பெயர் வைப்பார்கள். ஊரில் அப்படி யாரும் நினைப்பதில்லை. ‘வருஷா வருஷம் செய்றதுதானே’ என்பார்கள். அந்த ‘வருஷா வருஷம்’தான் இதன் பாதுகாப்பு முறை. பாறைச் சிற்பம் நிலைக்க வேண்டும் என்றால் மனிதர்கள் அதன்மேல் கைவைக்காமல் இருந்தாலே போதும். மண் சிற்பம் நிலைக்க வேண்டும் என்றால் ஆண்டுதோறும் நாலு பேர் கைவைத்தே ஆக வேண்டும்.

அப்ப ஆபத்து எங்கிருந்து வருது?

திருட முடியாத பாறையை உடைக்க முடியும். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் ஜல்லிக்கும் எம்.சாண்டுக்கும் உடைபடும் குன்றுகளைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். நகரத்தில் எழும்பும் ஒவ்வொரு அபார்ட்மென்ட்டுக்கும் எங்கோ ஒரு மலை குறைய வேண்டியிருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் 1958-ம் ஆண்டு தொல்லியல் சின்னங்கள் சட்டமும் அதன் 2010 திருத்தமும், இந்தியத் தொல்லியல் துறையின் பட்டியலில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடைசெய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கு அப்பால் 200 மீட்டரைக் கட்டுப்பாட்டுப் பகுதியாகவும் வைக்கின்றன. முதல் வட்டத்தில் புதுக் கட்டடமோ குவாரியோ கூடாது. இரண்டாவது வட்டத்தில் அனுமதி வேண்டும். சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சிக்கல் அந்த 300 மீட்டருக்கு அடுத்த அடியில் தொடங்குகிறது. திருநாதர்குன்றை அழகாக்குவது 24 உருவங்கள் மட்டும் இல்லை. அதைச் சுற்றித் தெரியும் குன்றுகளும் வயலும்தான். சந்திரநந்தி உயிர்விட ஓர் இடம் தேடியபோது அவர் கண்ணில் பட்ட நிலமும் இதுதானே. சிற்பத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, எதிரே உள்ள மலையைப் பள்ளமாக்கிவிட்டால் மிஞ்சுவது கூரையில்லாத ஒரு மியூசியம் மட்டும். பட்டியலில் ஏறாத கற்படுக்கைக்கும் நடுகல்லுக்கும் இந்த 300 மீட்டர்கூடக் கிடையாது.

ஊர் நினைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு மதுரை பக்கம் ஓர் உதாரணம் இருக்கிறது. அரிட்டாபட்டியில் பாண்டியர் காலக் குடைவரை, சமணர் படுக்கை, தமிழ் பிராமி எழுத்து எல்லாம் உண்டு. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அதை அரசு அறிவித்தது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்தது. சுற்றியுள்ள கிராமங்கள் சேர்ந்து தெருவில் இறங்கின. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பாறையில் என்ன செதுக்கியிருக்கிறது என்பது அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது. கோரிக்கைகளில் பறவைகளோடும் ஓடைகளோடும் கல்வெட்டும் இடம்பெற்றது.

மண் சிற்பத்துக்கு எந்தச் சட்டமும் இல்லை, இருக்கவும் முடியாது. அதன் ஆபத்து சத்தமில்லாதது. படுகளத்துக்கு மண் குழைத்த கைகளின் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூரிலும் பெங்களூருவிலும் ஷிஃப்டில் இருக்கிறார்கள். திருவிழாவுக்கு லீவு கிடைத்தால் வருவார்கள். முதல் நாளே வந்து மண் மிதிக்கவும் மீசை திருத்தவும் நேரம் இருப்பதில்லை. ‘ஒரு தடவை சிமென்ட்ல போட்டுட்டா வேலை முடிஞ்சுது’ என்று தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை. சில ஊர்களில் அப்படிப் போட்டும் விட்டார்கள். சிமென்ட் உருவம் மழையில் கரையாது, எனாமல் பெயின்ட்டும் தாங்கும். ஆனால் மூக்கு எந்தப் பக்கம் வளைய வேண்டும், தொடை எத்தனை முழம் என்று பெரியவர்கள் பக்கத்தில் நின்று சொல்வதும் சின்னவர்கள் சண்டை போட்டுக்கொண்டே கற்றுக்கொள்வதும் அந்த வருஷத்தோடு நின்றுபோகும்.

சரி, எப்படிப் போறது?

சென்னையிலிருந்து செஞ்சி சுமார் 150 கிலோமீட்டர். திண்டிவனம் வரை நெடுஞ்சாலை, அங்கிருந்து திருவண்ணாமலை சாலை. பைக்கோ காரோ இருந்தால் நல்லது. குடைவரைகளுக்குப் பஸ்ஸை மட்டும் நம்பினால் பாதி நாள் நிறுத்தத்தில் போய்விடும். ஒரே நாளில் எல்லாம் பார்க்க ஆசைப்பட வேண்டாம். முதல் நாள் காலை திருநாதர்குன்று, பிறகு சிங்கவரம், வெயில் தாழ்ந்ததும் கோட்டையின் வேங்கடரமணர் கோயில். மறுநாள் மண்டகப்பட்டு, தளவானூர். மேப்பில் தளவானூர் என்று தேடும்போது தென்பெண்ணையாற்றங்கரையில் உள்ள தளவானூருக்குப் போய்விடாதீர்கள், அது வேறு ஊர். சத்ருமல்லேசுவரம் என்று தேடுங்கள், அல்லது டீக்கடையில் பஞ்சபாண்டவர் மலை எங்கே என்று கேளுங்கள்.

ஆழம் குறைவான புடைப்புச் சிற்பங்கள் உச்சிவெயிலில் தட்டையாகத் தெரியும். காலை 8 மணிக்கு முன்போ மாலை 4 மணிக்கு மேலோ, வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் உருவம் எழுந்து வரும். எழுத்துகள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் தடவுவது, தண்ணீர் ஊற்றுவது வேண்டாம். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள்; குன்றுகளில் கடை கிடையாது.

மேல்மலையனூருக்கு எந்த நாளும் போகலாம். அமாவாசை ராத்திரி ஊஞ்சல் உற்சவம் பார்க்க வேண்டும் என்றால் காரை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தத் தயாராக வாருங்கள். அன்று சிறப்புப் பேருந்துகளே வரிசை கட்டி நிற்கும். படுகளம் பார்க்க விரும்புகிறவர்களுக்கு முன்கூட்டியே தேதி சொல்லும் வெப்சைட் எதுவும் இல்லை. சித்திரைக்குப் பிறகு செஞ்சி பஸ் ஸ்டாண்டு சுவர்களில் மஞ்சள் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். அதில் கூத்து ஜமாவின் பெயருக்குக் கீழே, கடைசி வரிசையில், படுகளம் எந்தக் கிழமை என்று போட்டிருப்பார்கள். அன்று விடியுமுன் போய்விட்டால், துரியோதனனுக்குக் கண் வரைவதைப் பார்க்கலாம்.